நான்குக்கு ஒன்று

கேத்தியில் கேரட் கழுவும் யார்டில்
எடை எழுதுவது என் வேலை.
சேறுக்கும் சொட்டும் தண்ணீருக்குமாக
மூட்டைக்கு இரண்டு கிலோ தள்ளி எழுதுவேன்.
மேட்டுப்பாளையம் மண்டியில் இன்னும் ஒன்று தள்ளுவார்கள்.
யாரும் சண்டை பிடித்ததில்லை.
எட்டு டன் லோடில் பத்து கிலோ
மஞ்சு மாதிரி; வரும், போகும்.

வீட்டுத் தராசு உள்ளங்கை அகலம்.
புள்ளிக்குப் பின்னாலும் ஓர் இலக்கம் காட்டும்.
பியூலா மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அதை வாசிப்பாள்.

கெசியாவுக்கு ஆறு வயது.
தலை ஒரு வெட்டு வெட்டிக் குனியும்.
கையில் இருப்பது விழும்.
நிமிர்ந்து, "யார் போட்டா?" என்பாள்.
ஆடியில் ஒரே நாளில் பதினேழு.
மூன்று மாத்திரைகளும் கேட்காமல் போனபிறகு
கோயம்புத்தூர் டாக்டரம்மா சீட்டைத் திருப்பி
பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டார்.

கொழுப்பு நான்கு பங்கு.
புரதமும் மாவும் சேர்ந்து ஒரு பங்கு.
கொழுப்பு கிராமுக்கு ஒன்பது கலோரி, நாலொன்பது முப்பத்தாறு.
மற்றது கிராமுக்கு நான்கு.
ஆக நாற்பது.
பிள்ளைக்கு நாளைக்கு ஆயிரத்து இருநூறு வேண்டும்,
நாற்பதால் வகுத்தால் முப்பது.
அப்படியானால் கொழுப்பு நூற்றிருபது கிராம்,
மீதி முப்பதில் அவள் வளர இருபது, புரதம்.
மாவுக்குப் பத்து.
பத்தை மூன்று வேளைக்குப் பங்கு வைத்தால்
மூன்று, மூன்று, மூன்று,
ஒன்று மிஞ்சுகிறது.
அந்த ஒன்றை எந்த வேளையில் வைப்பதென்று
கல்லாறிலிருந்து பர்லியார் வரை
பஸ்ஸில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டு வந்தோம்.
நின்றுவிடும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை.
பார்ப்போம் என்றார்.

மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் கல்லாகிவிடும்.
வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி, உருகியபின் நிறுத்து,
முட்டையில் ஊற்றி,
தட்டில் ஒட்டியதை ரப்பர் கரண்டியால் வழித்து,
அதையும் ஊட்டி.
ஒட்டியதும் கணக்கில் உண்டு.
இருமல் மருந்தில் சர்க்கரை இருப்பது
அந்த வருஷம்தான் எங்களுக்குத் தெரிந்தது.
லோடுமேன் போஜன் அவள் கையில் வைத்த கடலைமிட்டாயை
நான் பிடுங்கினேன்.
அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
பிறகு காகிதத்தில் சுற்றி வெண்ணெய் கொண்டுவந்தார்,
சொந்த எருமை.
"இது எத்தனைப்பா?" என்றார்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
கடை வெண்ணெய்க்கு அட்டையில் எழுதியிருக்கும்.

நோட்டில் இரண்டு பத்தி.
இடப்பக்கம் கிராம், வலப்பக்கம் தலைவெட்டு.
பதினொன்று. ஒன்பது. பன்னிரண்டு.
ஆறு. ஆறு. நான்கு.
வலப்பக்கம் ஒரு நாள் காலியாக இருந்தது.
எழுத மறந்தாயா என்று பியூலாவைக் கேட்டேன்.
அவள் பதில் சொல்லாமல்
பேனாவை மட்டும் மூடிவைத்தாள்.
மறுநாள் ஐந்து.

"அப்பா, உன் கேரட் ஒண்ணு தா."
நூறு கிராமுக்கு ஏழு கிராம் மாவு.
கீரையில் ஒரு கிராமைக் கழித்தால்
பதினான்கு கிராம் கேரட் வரலாம்.
எட்டாயிரத்து நானூற்று இருபது கிலோ
லாரியில் ஏறிய இரவில்
பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.
யார்டுக் கணக்கில் அது இல்லை.

ஒரு வில்லை வெட்டினேன்.
பதினைந்து புள்ளி ஒன்று.
பிளேடால் ஓரம் சீவினேன்,
பதினான்கு புள்ளி இரண்டு.
இன்னொரு சீவல், பார்த்தால் வெளிச்சம் போகும் அளவுக்கு.
பதினான்கு.

அவள் அதை எட்டாக உடைத்தாள்.
எட்டையும் தட்டைச் சுற்றி வரிசையாக அடுக்கினாள்.
ஒவ்வொன்றையும் வெண்ணெயில் தொட்டு
ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்துக்கொண்டாள்.

பிளேடில் ஒட்டியிருந்த சீவலை
நான் தின்றேன்.
இனித்தது.
இத்தனை வருஷமாக நிறுக்கிறேன்.
அன்றுதான் தெரிந்தது, எவ்வளவு என்று.